உங்கட ஒழுங்கையில வீல்செயார் போகுமா? வாசகர் கேள்வி-பதில்

கல்லடி வாசகி: பக்கவாதம் வந்த பிறகு அப்பா வோக்கரோடதான் நடக்கிறார். எங்கட ஏரியா அவருக்குத் தோதா எண்டு எப்பிடிப் பார்க்கிற?

ஏரியாவ விடுங்க மகள், அப்பா போற வழியப் பாருங்க. வீட்டுப் படியில இருந்து மருந்துக்கடை, பஸ் ஏறுற இடம், கோயில், இந்த மூண்டுக்கும் அவரோடயே நடந்து போய் எங்க நிண்டு மூச்சு வாங்கினார், எங்க வோக்கர் மணல்ல புதைஞ்சுது, எங்க தூக்கி வைக்க வேண்டி வந்தது எண்டு எழுதிக்கொண்டு வாங்க. கையில டேப் இருக்கட்டும், கண்ணால பார்த்து அளவு சொல்லாதீங்க. கொங்கிரீட் ஒழுங்கையெண்டா ஓரத்தில மண் எவ்வளவு இறங்கிக் கிடக்கு எண்டு கட்டாயம் அளக்கணும், மோட்டர்சைக்கிளுக்கு ஒதுங்கேக்க அங்கதான் விழுற. மார்கழி மழையில இன்னொருக்காப் போங்க.

பெயர் போடாதவர்: எங்கட இடம் வயசானாக்களுக்கு நல்லமா?

நீங்க ஊரும் எழுதல்ல, வயசும் எழுதல்ல, நடக்கிறாங்களா வீல்செயாரா எண்டும் எழுதல்ல. அளந்திட்டு எழுதுங்க.

கல்முனை வாசகர்: கடை வாசல் ஒண்டரை அடி உயரம். 5 அடியில ராம்ப் போட்டா காணுமா?

காணாது தம்பி. 1க்கு 12 எண்டதுதான் கணக்கு, ஒரு இஞ்ச் உயரத்துக்கு ஒரு அடி நீளம். உங்களுக்கு 18 அடி வேணும். எங்கட பக்கம் வெள்ளத்துக்குப் பயந்து எல்லாரும் அத்திவாரத்த உயர்த்திக் கட்டுறாங்க, அது சரிதான், ஆனா ராம்ப் எண்டு வந்தா மட்டும் மிஞ்சின இடத்துக்குள்ள ஒரு சறுக்கலக் கட்டி அதுக்கு மேல பளபளா டைல்ஸும் ஒட்டி, திறப்புவிழாவுக்குப் படமும் எடுத்திட்டுப் போயிடுறாங்க. தனிய வாற ஒருத்தர் அதில ஏறவே ஏலாது, பின்னால தள்ளுறவருக்கும் சேர்த்து ஆபத்து, ஈரமெண்டா இறங்கவும் ஏலாது. இது ஆரும் செய்யிற உபகாரம் இல்ல, இலங்கையில மாற்றுத்திறனாளிகளின்ட உரிமையப் பாதுகாக்கிற 1996ம் ஆண்டு 28ம் இலக்கச் சட்டம் இருக்கு, அதுக்குக் கீழ 2006ல அணுகல் ஒழுங்குவிதிகளும் வந்திட்டு. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் புதுசாக் கட்டுற கட்டடத்திலயே பிழையாப் போட்டா எனக்குக் கோபம்தான் வரும். நேரா 18 அடிக்கு இடமில்லையா, கடை முகப்போட சேர்த்து மடக்கிப் போடுங்க, மடங்குற இடத்திலயும் கதவுக்கு முன்னாலயும் 5 அடி மட்டமா விடுங்க, ரெண்டு பக்கமும் கைப்பிடி, சொரசொரப்பான சீமெந்து. டேப் பிடிச்சு அளந்திட்டு மேசனக் கூப்பிடுங்க.

ஏறாவூர் வாசகர்: பார்வை இல்லாதவங்களுக்கு வழி காட்ட, காலுக்குத் தட்டுப்படுற மஞ்சள் டைல்ஸ் போட்டாக் காணும்தானே?

அது போய் முடியிற இடத்தப் பாருங்க. லைட் போஸ்ட்டிலயோ மூடி இல்லாத வடிகானிலயோ முடிஞ்சா போடாம விட்டிருக்கலாம்.

அக்கரைப்பற்று வாசகி: உம்மாக்கு 70 தாண்டிற்று. நடப்பா, ஆனா கடைத்தெரு வரைக்கும் நடக்க ஏலாது.

வழியில குந்துறதுக்கு என்ன இருக்கு எண்டு பாருங்க. சுமாரா 50 மீட்டருக்கு ஒரு இருக்கை, நிழலோட, ஊண்டி எழும்பக் கைப்பிடியும் வேணும். குந்துற கட்டு ஒண்டரை அடி உயரத்துக்குக் கீழ எண்டா முழங்கால் நோவுள்ளவங்க எழும்பப் படுற பாடு பெரிசு.

களுவாஞ்சிகுடி வாசகர்: அளந்ததெல்லாம் இருக்கு. ஆருக்குக் குடுக்கிற?

அளந்து வச்சிருக்கிறீங்களே, சந்தோசம். மெயின் ரோட் ஏ4, அது வீதி அபிவிருத்தி அதிகார சபை. உள் ஒழுங்கையெல்லாம் பிரதேச சபை. ரெண்டையும் ஒரே கடிதத்தில கலக்காதீங்க. டேப் தெரியிற மாதிரிப் படம், திகதி, இடம் எல்லாம் போட்டு பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தருக்கும் ஒரு கொப்பி குடுங்க. உங்கட கொப்பியில சீல் அடிச்சு வாங்காம வந்திடாதீங்க.