டிஷ்ல மிரர் ஷீட் ஒட்டினதும் எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னாடி நின்னு சிக்னல வாங்குற டப்பா) மூடி உருகிடுச்சு, இதுக்கு பேட்டன்ட் எடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க

ப்ரோ, முதல்ல அந்த ஷீட்ட உரிச்சு எடுங்க. சிக்னல் இதனால ஏறாது, ஏன்னா டிடிஎச் சிக்னலோட அலைநீளமே கிட்டத்தட்ட 2.5 செ.மீ., அதுக்கு உங்க சொரசொரப்பான பெயின்ட் அடிச்ச தகடே கண்ணாடி மாதிரிதான். ஆனா வெளிச்சத்தோட அலைநீளம் அரை மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ரெண்டாயிரத்துல ஒரு பங்கு), அதுக்கு அந்த சொரசொரப்பு பெரிய மேடு பள்ளம், அதனாலதான் கம்பெனிக்காரங்க மேட் பெயின்ட் அடிக்கிறாங்க, வெயில் பட்டா சிதறிப்போகணும், ஒரே இடத்துல குவியக்கூடாது. நீங்க அதையே பளபளன்னு ஆக்கிட்டீங்க. மார்ச்லயும் அக்டோபர்லயும் சில நாள் சூரியன் சரியா சாட்டிலைட்டுக்கு பின்னாடி வந்து நிக்கும், அப்போ 60 செ.மீ. டிஷ் மேல விழுற 250 வாட் வெயிலும் நேரா எல்என்பி மூஞ்சிலதான் போய் விழும், பிளாஸ்டிக் மூடி என்ன பண்ணும் பாவம்.

பேட்டன்ட் விஷயம்: டிஷ்ல பளபளப்பு ஒட்டி வெயில குவிக்கிறது சோலார் குக்கர்காரங்க எப்பவோ பண்ணினது, அதனால புதுசுன்னு நிக்காது. கூகுள் பேட்டன்ட்ஸ்ல தேடிப் பாருங்க, ஃப்ரீதான். ஒருவேளை வெயிலையும் சிக்னலையும் தனித்தனியா பிரிக்கிற மாதிரி ஏதாவது டிசைன் வச்சிருந்தா அத இங்க போட்டோ போடாதீங்க, முதல்ல ப்ரொவிஷனல் அப்ளிகேஷன் (முழு விவரம் இல்லாத ஆரம்ப விண்ணப்பம்) போடுங்க, அதுக்கப்புறம் முழு விவரம் குடுக்க 12 மாசம் டைம் இருக்கு. கிடைச்சா அப்ளை பண்ண தேதிலேர்ந்து 20 வருஷம். சென்னை பேட்டன்ட் ஆபீஸ் கிண்டில இருக்கு.

எல்என்பி மாத்தும்போது கேபிள் நுனியையும் பாத்துக்கோங்க, சூட்டுல கருகியிருக்கும்.