சவப்பெட்டியருகே ஒரு நாய் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எட்வின் லாண்ட்சீர் 1837இல் வரைந்த சிறிய ஓவியம் ஒன்றைப் பார்த்தேன். இறந்துபோன மேய்ப்பனின் சவப்பெட்டிமேல் தலைசாய்த்திருக்கும் நாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓவியம் படித்த மருமகனோ “காலண்டர் படம்” என்று சிரித்தார். யார் சொல்வது சரி?

கே.

அன்புள்ள கே.,

மருமகன் சொல்வது பாதி சரி. லாண்ட்சீர் அந்த வகைப் படங்களும் வரைந்தவர்தான். 1840இல் வரைந்த ஒன்றில் பூடில் நாய் நீதிபதியாக வீற்றிருக்கும், சுற்றிலும் நாய் வக்கீல்கள். ஒருமுறை சிரிக்கலாம், அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்ததில் நாய் நாயாகவே இருக்கிறது. அதன் கண்ணை விடுங்கள், நம்மை அழவைப்பது அதுவல்ல. மார்பு பெட்டியின் மரத்தோடு அழுந்திக் கிடக்கிறது. கால்கள் பற்றி இழுத்ததில் போர்வை சரிந்திருக்கிறது. அருகே மூடிய பைபிள், மூக்குக்கண்ணாடி. வேறு ஆளே இல்லை. கலை விமர்சகர் ரஸ்கின் அந்தப் போர்வையையும் வியந்து எழுதினார்.

லாண்ட்சீருக்கு இந்தப் பார்வை வீட்டிலேயே கிடைத்தது. அப்பா ஜான், அச்சிடுவதற்காகச் செம்புத் தகட்டில் படம் செதுக்குபவர். செதுக்குபவர்களை லண்டன் ஓவியர்களின் அமைப்பான ராயல் அகாடமி முழு உறுப்பினராக ஏற்காத காலம் அது, அதற்காகச் சண்டைபோட்டு ஓய்ந்தவர். மகனை வெளியே அழைத்துப்போய் ஆடுமாடுகளை வரையவைத்தார். பையன் தகட்டிலும் கீறிப் பழகினான். தகட்டில் வண்ணம் இல்லை, ரோமத்தின் மென்மையைக்கூடக் கோட்டால்தான் சொல்லியாக வேண்டும். 1815இல், 13 வயதிலேயே, அகாடமி கண்காட்சியில் அவன் படங்கள் இடம்பெற்றன. அங்கிருந்த ஓவியர் பியூஸ்லி அவனை “என் நாய்ப்பையன்” என்பாராம்.

காலண்டர் என்ற ஏளனத்துக்குக் காரணமும் அதே தொழில்தான். காது கேளாத அண்ணன் தாமஸ், தம்பியின் ஓவியங்களைத் தகட்டில் செதுக்கினார். ஒரே கூண்டின் வாசலில் பிளட்ஹவுண்ட் என்னும் பெரிய வேட்டைநாயும் டெரியர் என்னும் குட்டி நாயும் தலைநீட்டும் 1839ஆம் ஆண்டுப் படமும் அப்படித்தான் அச்சாகி வீடுவீடாகப் போனது. எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குவதை ஓவியம் படித்தவர்கள் மன்னிப்பதில்லை.

லாண்ட்சீர் கடைசி ஆண்டுகளில் மனம் பேதலித்து, 1873இல் இறந்தார். டிராஃபல்கர் சதுக்கத்துச் சிங்கங்கள் அவர் வடித்தவை. அவற்றின் பாதங்கள் நாயின் பாதங்கள் என்று லண்டனில் இன்றும் சொல்வார்கள். அடுத்தமுறை மருமகனையும் கூட்டிப்போய்ப் பாருங்கள்.