பொம்மைக் குட்டிக்காக அழுதது யார்? – கடிதம்

வணக்கம் ஐயா,

நான் மலேசியாவில், பினாங்கின் ஆயர் ஈத்தாமில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு பிபிசியின் ‘ஸ்பை இன் தி வைல்ட்’ தொடரிலிருந்து ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினேன். ராஜஸ்தானில், கண்ணுக்குள் கேமரா வைத்த ஒரு பொம்மைக் குட்டியை அனுமன் மந்திகளுக்கு நடுவே வைத்திருந்தார்கள். ஒரு மந்தி அதைத் தூக்கிப் போய்த் தவறவிட்டது. குட்டி செத்துப்போனதாக நினைத்து மந்திகள் எல்லாம் கூடித் துக்கம் காத்தன. வகுப்பில் பாதிப் பேர் கண் கலங்கிவிட்டார்கள். ஒரு பையன் மட்டும், “டீச்சர், இது ஏமாத்து வேலைதானே?” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அதோடு, அறிவியல் விழாவுக்கு இதேபோல ஒரு லோத்தோங் (இங்குள்ள இலை தின்னும் குரங்கு) பொம்மை செய்து தாவரவியல் பூங்காவில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

பையன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். ஏமாந்தது யார் என்பதில்தான் நான் அவனோடு கொஞ்சம் வேறுபடுகிறேன்.

அந்தத் தொடரை எடுத்த ஜான் டவுனர் குழுவினர் 2000-இல் சிங்கங்களுக்கு நடுவே அனுப்பியது வெறும் பாறாங்கல். உள்ளே கேமரா, அடியில் சக்கரம். சிங்கங்களுக்கு அது சீக்கிரமே பழகிவிட்டது. 2008-இல் வந்த புலிப் படத்துக்கு மத்தியப் பிரதேசத்தின் பெஞ்ச் காட்டில் பழக்கிய யானைகளே மரக்கட்டை வேஷம் போட்ட கேமராவைச் சுமந்து போயின. யானை நடமாடுவதைப் புலி பெரிதாக எடுத்துக்கொள்ளாது. ஆக, ஒரு கல்லும் ஒரு மரக்கட்டையும் போதுமாக இருந்தன. கண் சிமிட்டித் தலை திருப்பும் 30-க்கும் மேற்பட்ட பொம்மைகள் 2017-இல் உங்கள் தொடரோடு வந்தவை. மனித வாடை இல்லாத, மிரட்டாத ஒரு பொருள் பக்கத்தில் கிடந்தால் மிருகத்துக்குப் போதும். அதற்கு ஒரு முகம் தேவைப்படுவது பெரும்பாலும் நமக்குத்தான்.

பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். முகம் இருந்தால் இனம் இனத்தைத் தேடி வரும். பார்வை மானைக் கட்டி வைத்துக் காட்டு மானை வரவழைத்த சங்க கால வேடனுக்கே தெரிந்த வித்தை இது. அனுமன் மந்திகளில் பெண்கள் அடுத்தவள் குட்டியை வாங்கித் தூக்கிக்கொண்டு திரிவது வழக்கம். அதனால் பொம்மையைத் தூக்கியதில் வியப்பில்லை. விழுந்த பிறகு சுற்றி உட்கார்ந்ததும், ஒன்றையொன்று கட்டிக்கொண்டதும் உண்மையாக நடந்தவை. குரங்குத் தாய்கள் செத்த குட்டியை நாள்கணக்கில் சுமப்பதை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் “துக்கம்” என்று நமக்குச் சொன்னது யார்? வர்ணனைக் குரலும் பின்னணி இசையும், எந்த முகத்துக்குப் பிறகு எந்த முகம் வர வேண்டும் என்று வெட்டி ஒட்டிய கையும். மந்திகள் திகைத்திருக்கலாம், பயந்திருக்கலாம், உண்மையிலேயே துக்கப்பட்டும் இருக்கலாம். அந்தக் காட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அதே காட்சியைச் சத்தத்தை அடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். கண்ணால் கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். “சோகமாக இருந்தது” என்று யாராவது எழுதினால், எதைப் பார்த்து அப்படித் தோன்றியது என்று கேளுங்கள். வகுப்பு கொஞ்சம் அமளிதுமளியாகும், பரவாயில்லை.

நம் காடு ராஜஸ்தான் மாதிரி திறந்த வெளியும் இல்லை. தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். லோத்தோங் தலைக்கு மேலே வெகு உயரத்தில் இலை தின்றுகொண்டிருக்கும். கீழே உட்கார்ந்திருக்கும் பொம்மைக்கு என்ன தெரியும்? மழையும் ஈரமும் மோட்டாரை ஒரு வழி பண்ணிவிடும். இங்கே உழைப்பது மரத்தில் கட்டி வைக்கும் சாதாரணக் கேமராப் பெட்டிதான். மிருகத்தின் உடம்புச் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அது விழித்துக்கொள்ளும். நடுப்பகல் வெக்கையில் அந்த வித்தியாசம் குறைந்து, எதிரே போகிற மிருகத்தைக்கூடக் கோட்டைவிடும். எறும்பு உள்ளே குடியேறும், யானை பிடுங்கிப் போடும். இருந்தாலும் தீபகற்ப மலேசியாவில் புலிகள் 150-க்கும் குறைவு என்று தெரிந்தது 2016 முதல் 2020 வரை இந்தப் பெட்டிகளை வைத்து எடுத்த கணக்கில்தான். எந்தப் புலி என்று வரியை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள். புலியின் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. அதனால் பாதையின் இரு புறமும் எதிரெதிராக இரண்டு பெட்டிகள் கட்டுவார்கள். வேஷம் எதுவும் கிடையாது.

பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தெலுக் பஹாங்கில் சாலைக்கு மேலே, பழைய தீயணைப்புக் குழாய்களை வைத்து ‘லங்கூர் புராஜெக்ட் பினாங்கு’ குழுவினர் 2019-இல் ஒரு பாலம் கட்டினார்கள். லோத்தோங், கேரா எனும் நீண்ட வால் குரங்கு, அணில் எல்லாம் அதில் கடப்பதைக் கேமராதான் காட்டிக்கொடுத்தது. பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்.

பூங்காவில் பொம்மை வேண்டாம். லோத்தோங் குட்டி பிறக்கும்போது பொன்னிறமாக இருக்கும். அந்த நிறத்தில் ஒரு பொம்மை செய்து வைத்தால் தாய்க் குரங்குகள் நிச்சயம் திரும்பிப் பார்க்கும். பேட்டரியும் கம்பியும் உள்ள ஒன்றை அவை மரத்துக்குத் தூக்கிப் போனால் யார் இறக்குவது? அதற்குள் கேராக்கள் வந்துவிட்டால் பொம்மை பஞ்சு பஞ்சாகிவிடும். அசைவைக் கண்டதும் பதிவாகும் ஒரு பழைய கைப்பேசியைப் பள்ளி வளாகத்தில் ஏதாவது ஒரு பழமரத்தைப் பார்க்க வைத்தாலே போதும். பெரும்பாலும் அணிலும் மைனாவும்தான் வரும். அதையே எழுதட்டும். சத்தமில்லாமல் பார்த்து எழுதிய தாள்களில் சிலவற்றை எனக்கும் அனுப்புங்கள், பிழை திருத்தாமல். அந்தப் பையனுடையது கட்டாயம் வேண்டும்.