ஒன்பது மாதமாக நடக்கத்தான் சொல்லித் தருகிறார்கள்

கேள்வி: எனக்கு 23 வயது. அம்பத்தூரில் வாகன உதிரி பாகக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. சனிக்கிழமை மாலை மூன்று மணி நேரம், ஞாயிறு ஏழு மணி நேரம் என்று பகுதிநேர நடிப்பு வகுப்புக்குப் போகிறேன். ஒன்பது மாதம் ஆகிறது. இன்னும் ஒரு பக்க வசனம்கூடத் தரவில்லை. நடப்பது, மூச்சு விடுவது, சிலம்பம், எதிரில் இருப்பவர் சொன்னதையே திருப்பிச் சொல்வது, இவ்வளவுதான். ஆண்டு விழா நாடகத்தில் எனக்குக் காவல்காரன் வேடம். ‘அரசே, தூதுவன் வாசலில் காத்திருக்கிறான்’ என்ற ஒரே வரி. போன வாரம் ஆசிரியர், “உடம்பு இங்க இருக்கு, ஆள் இன்னும் ஆபீஸ்லயே இருக்கான்” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அம்மா, “கட்டின பணம் போனாப் போகுது, விட்டுடு” என்கிறார். எனக்கோ வேலையை விட்டுவிட்டு முழுசாக இதில் இறங்கிவிடலாமா என்று இருக்கிறது. விஜய் சேதுபதியும் துபாய் வேலையை விட்டு வந்தவர்தானே? – அம்பத்தூர் வாசகர்

பதில்: வேலையை விடாதீர்கள் தம்பி. வகுப்பையும் விடாதீர்கள்.

விஜய் சேதுபதி கதையை எனக்கு எழுதுகிற பாதிப் பேர் சொல்கிறார்கள், ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். துபாயிலிருந்து வந்தவர் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவுக்குள் நுழைந்தது கணக்கு எழுதும் வேலைக்கு. அங்கே நடிகர்கள் பயிற்சி செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். அப்புறம் சின்னச் சின்ன வேடங்கள். கதாநாயகனாக முதல் படம் வந்தது 2010இல். இடைப்பட்ட வருடங்களில் வீட்டுச் செலவு நின்றுவிடவில்லை. நீங்களும் கணக்குப் பிரிவில்தான் இருக்கிறீர்கள், அதை அவமானமாக நினைக்க வேண்டாம்.

கணக்கு என்றதும் ஒன்று. ஒன்பது மாதம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மணிக்கணக்கில் கூட்டிப் பாருங்கள். வாரத்துக்கு பத்து மணி என்றால், 39 வாரத்துக்கு 390 மணி. டெல்லி தேசிய நாடகப் பள்ளி மாதிரி மூன்று வருட முழுநேரப் படிப்பில் சேர்ந்த ஒருவர் நாளுக்கு எட்டு மணி, வாரம் ஆறு நாள் உழைக்கிறார் என்று வைத்துக்கொண்டால், இது அவருக்கு இரண்டு மாதம். சிறுவர்களையே வைத்து நாடகம் போட்ட அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவனுக்குத் தூங்குவது, எழுவது, சாப்பிடுவது, வாத்தியாரிடம் அடி வாங்குவது எல்லாமே கம்பெனிக்குள்தான். சிவாஜி கணேசன் அப்படி வளர்ந்தவர். அவரே ஆரம்பத்தில் போட்டது பெண் வேடங்கள். ஆக, நீங்கள் இன்னும் இரண்டாவது மாத மாணவர். இரண்டு மாதத்தில் யாருக்கும் ராஜா வேடம் கொடுக்க மாட்டார்கள்.

இனி ஆசிரியர் சொன்ன சொல்லுக்கு வருகிறேன். எல்லோர் முன்னாலும் சொன்னது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் சொன்ன விஷயம் சரி என்று தோன்றுகிறது. பகுதிநேர மாணவனுக்கு நேரம் குறைவு என்பதைக்கூடச் சமாளித்துவிடலாம். வகுப்புக்கு முழுசாக வந்து சேர்வதுதான் பெரிய பாடு. நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு மாலையில் ஒத்திகைக்கு ஓடிய ஆள். முதல் நாடகத்தில் ஈட்டி பிடித்துக்கொண்டு நிற்கும் வேடம், வசனமே கிடையாது. அன்று பேரேட்டில் ஒரு தொகை இடித்துக்கொண்டிருந்தது. மேடையில் விறைப்பாக நின்றபடி மனசுக்குள் அதைத்தான் தேடினேன். முழங்காலை இறுக்கிப் பூட்டி நின்றால் இரத்தம் சரியாக மேலே ஏறாது என்று அப்போது தெரியாது. இரண்டாவது காட்சியில் ஈட்டியோடு சரிந்து விழுந்தேன். பார்த்தவர்கள் சூழ்ச்சியில் காவலனுக்கு விஷம் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தார்களாம்.

நடக்கச் சொல்வது இதற்குத்தான். உங்கள் நடையில் நாற்காலி இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, மேனேஜர் கூப்பிட்டால் லேசாகக் குனியும் கழுத்து இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியாது, பார்ப்பவருக்குத் தெரியும். அதைக் கழற்றாமல் மேலே எந்த வேடத்தைக் கட்டினாலும், ராஜாவும் கணக்குப்பிள்ளை மாதிரிதான் நடப்பார்.

தெருக்கூத்தில் ஆடுபவர்கள் பலர் பகலில் வயலில் வேலை பார்ப்பவர்கள், அதாவது உங்களைப் போலப் பகுதிநேரக்காரர்கள். அவர்கள் வயலிலிருந்து நேராகக் களத்துக்குள் குதிப்பதில்லை. உட்கார்ந்து, தன் முகத்துக்குத் தானே அரிதாரம் பூசி, கட்டை எனப்படும் மர அணிகளைக் கட்டி, மெதுவாக வேறு ஆளாகிறார்கள். அதற்குப் பிறகும் முன்னால் ஒரு திரையைப் பிடிக்கிறார்கள். அதன் பின்னாலிருந்து பாடிவிட்டுத்தான் முகம் காட்டுகிறார்கள். கூத்துப்பட்டறை நடிகர்கள் தெருக்கூத்து ஆசிரியர் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் போய்க் கற்றது அடவு, அதாவது ஆட்ட அசைவுகள், மட்டும் என்று நான் நினைக்கவில்லை. இப்படி ஆள் மாறுவதையும்தான். உங்களுக்கும் அப்படி ஒரு திரை வேண்டும். சனிக்கிழமை கால் மணி நேரம் முன்னால் போங்கள். போனை அணைத்துப் பையில் போடுங்கள். ஆபீஸ் சட்டையை மாற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு, யாரோடும் பேசாமல் அந்தக் கூடத்தில் நாலு சுற்று நடங்கள். வேறொன்றும் வேண்டாம்.

சொன்னதையே திருப்பிச் சொல்லும் பயிற்சி உங்களுக்கு எரிச்சலாக இருப்பது புரிகிறது. “நீ நீலச் சட்டை போட்டிருக்கே”, “நான் நீலச் சட்டை போட்டிருக்கேன்” என்று இருபது நிமிடம்! இது நியூயார்க்கில் சான்ஃபோர்ட் மைஸ்னர் என்ற நடிப்பு ஆசிரியர் உருவாக்கியது. வார்த்தையில் ஒன்றும் இல்லை என்பதால் எதிராளியின் முகத்தையும் குரலையும் கவனித்தே ஆக வேண்டும். அடுத்து என்ன பேசலாம் என்று யோசிக்க இடமே கிடையாது. நம் ஊர் இளம் நடிகர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் குறை, எதிராளி பேசும்போது தன் வரிக்காகக் காத்துக்கொண்டு நிற்பது. அதற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

வாரத்தில் மற்ற ஐந்து நாள்? தினம் இருபது நிமிடம் எதையாவது வாய்விட்டுப் படியுங்கள், செய்தித்தாள் போதும். ல, ள, ழ ஒரு பக்கம் இருக்கட்டும், அதை எல்லோரும் சொல்வார்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். தமிழில் வினை கடைசியில் வருகிறது. வந்தானா, வரவில்லையா, வருவானா என்பது அங்கேதான் தெரியும். நாமோ மூச்சு தீர்ந்துபோய் அந்த இடத்தில்தான் குரலை விழுங்குகிறோம். உங்கள் வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘காத்திருக்கிறான்’ கேட்கவில்லை என்றால், தூதுவன் வாசலில் இருக்கிறானா, செத்துக் கிடக்கிறானா என்று அரசனுக்கு எப்படித் தெரியும்? அதற்காகக் கத்த வேண்டாம், தொண்டை கட்டிவிடும். வரிக்கு முன்னால் வயிறு வரை மூச்சை வாங்கிக்கொண்டால் போதும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். குறை சொல்வது வேறு, இழிவுபடுத்துவது வேறு. நடிப்பை விட்டு உங்கள் நிறம், சாதி, குடும்பம் பற்றி யாராவது பேச ஆரம்பித்தாலோ, பயிற்சி என்ற பெயரில் விருப்பமில்லாமல் தொட்டாலோ, அன்றே வெளியே வாருங்கள். சினிமா வாய்ப்பு வாங்கித் தருகிறேன், தனியாகப் பணம் கட்டு என்றாலும் அப்படித்தான். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. இரண்டாம் வருடமும் வசனமே தராவிட்டால் அப்போது ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஆண்டு விழாவுக்கு அம்மாவைக் கூட்டிப் போங்கள். முன் வரிசையில் வேண்டாம், கடைசி வரிசையில் உட்கார வையுங்கள். வீட்டுக்கு வந்ததும், தூதுவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று அவரிடம் கேளுங்கள். நிற்கும்போது முழங்காலைப் பூட்டாதீர்கள்.