ஸ்டென்ட் வைத்து மூன்று வாரம், அப்பாவுக்கு இன்னும் நெஞ்சுவலி

கோபியிலிருந்து கேட்டவருக்கு வணக்கமுங்க. மேடேறினால் அப்பாவுக்கு நெஞ்சு அழுத்துது, உட்கார்ந்தால் விட்டுடுதுன்னு எழுதியிருக்கீங்க. ஸ்டென்ட் (அடைப்பு இருந்த இடத்தைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) இதய ரத்தக்குழாயை விரித்ததால் வரும் வலி பெரும்பாலும் முதல் சில நாளில் அடங்கிவிடும். அந்த வலி நடந்தால் அதிகமாகாது, உட்கார்ந்தால் குறையாது. அப்பாவுக்கு வருவது ஆஞ்சைனா, அதாவது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி மாதிரிதான் தெரியுதுங்க. வேறு குழாயில் அடைப்பு மீதி இருக்கலாம், இதயத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் கோளாறாகவும் இருக்கலாம். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் இன்றைக்கே கார்டியாலஜிஸ்ட்டிடம் காட்டுங்க. ஆஞ்சியோகிராம் சிடியைக் கொண்டுபோய், ஸ்டென்ட் வைக்காத குழாய்களில் எவ்வளவு அடைப்புன்னு கேளுங்க.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் ஒரு வேளைகூட விடக் கூடாதுங்க. முதல் 30 நாளில்தான் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம். வாயுப்பிடிப்புன்னு நினைத்து ஒமிப்ரசோல் என்ற அசிடிட்டி மாத்திரை வாங்கித் தராதீங்க, அது குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும். அதற்குப் பதில் பான்டோபிரசோல் சரியாகுமான்னு டாக்டரிடம் கேளுங்க.

வலி வந்தால் உட்காரவைத்து, டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் ரத்தக்குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரை 5 மி.கி. நாக்கடியில் வையுங்க. நின்றபடி வைத்தால் பிரஷர் இறங்கி மயங்கிவிடலாம். வயாகரா வகை மாத்திரை எடுத்திருந்தால் தரவே கூடாது. ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லை, வியர்க்குது, சும்மா இருக்கும்போதே வலிக்குதுன்னா உடனே 108. பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப் போகாதீங்க.