டயல் எண்களுக்கு மீண்டும் சாயம்

அன்புள்ள ஐயா,

என்னிடம் 1960களின் ஜில்லெட் ஸ்லிம் அட்ஜஸ்டபிள் ரேசர் இருக்கிறது; டயலைத் திருப்பிச் சவரத்தின் கடுமையைக் கூட்டிக் குறைக்கும் வகை. டயலில் 1 முதல் 9 வரையுள்ள எண்களில் சாயம் போய்விட்டதால் நெயில் பாலிஷ் பூசினேன். சில நாளிலேயே 3, 6 இரண்டும் உரிந்துவிட்டன, டயலும் இறுகிவிட்டது. வேறு பெயிண்ட் வாங்கணுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பெயிண்ட் மேல் மட்டும் பழி போட வேண்டாம். உரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் எண்களின் பள்ளத்தில் படிந்த சோப்புப் படலம். டயல் இறுகியது, டயலைச் சுற்றியுள்ள இடுக்கில் கசிந்த பாலிஷால்.

முதலில் இறுக்கத்தைப் பாருங்கள். பிளேடைக் கழற்றுங்கள். பிளையர் வைத்துத் திருகினால் முலாம் கீறிவிடும். காகிதப் பட்டையை அசிட்டோனில் நனைத்து இடுக்கைச் சுற்றி வைத்து, காயக் காய ஒரு சொட்டு விட்டு, பாலிஷ் இளகியதும் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். ஸ்லிம் உலோகம் என்பதால் பாதகமில்லை. ஜில்லெட்டின் இன்னொரு மாடலான, கருப்புக் கைப்பிடி கொண்ட சூப்பர் அட்ஜஸ்டபிளில் அசிட்டோன் படவே கூடாது.

பிறகு வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பல் பிரஷ். பள்ளத்தை மரப் பல்குச்சியால் சுரண்டுங்கள், ஊசி வேண்டாம். உலோக பாலிஷ் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம், முலாமும் தேயும், பள்ளமும் ஆழம் குறையும். சுரண்டுமுன் லென்ஸில் பாருங்கள்: பழைய நிறத்தின் துணுக்கு மூலையில் மிஞ்சியிருந்தால் அதுவே உங்கள் நிறம். நன்றாகக் காய்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அதற்குமேல் விரல் படக்கூடாது.

பூச எனாமல் பெயிண்டே என் தேர்வு. இடுக்கை மெல்லிய டேப்பால் மூடிவிட்டு, பல்குச்சி முனையில் துளி எடுத்து ஒவ்வொரு எண்ணாக நிரப்புங்கள். வழிந்தால் பரவாயில்லை.

வேலையே துடைப்பதில்தான். பஞ்சு பள்ளத்துக்குள் இறங்கிப் பெயிண்டை உறிஞ்சிக்கொண்டு வந்துவிடும். விசிட்டிங் கார்டு போன்ற கெட்டி அட்டையில் காகிதத்தை இழுத்துச் சுற்றி, பெயிண்டைக் கரைக்கும் மினரல் டர்பன்டைனை ஈரம் தெரியாத அளவுக்குத் தொட்டு, மேற்பரப்பில் மட்டும் ஒரே வீச்சில் இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் காகிதத்தின் புதிய இடம். பெயிண்டின் பளபளப்பு மங்கி, தொட்டால் லேசாக ஒட்டும் பதமே சரியான நேரம். முந்தினால் பள்ளம் காலியாகும். முழுக்கக் காய்ந்துவிட்டால் ஓரம் பெயர்ந்து வரும். நெயில் பாலிஷில் இந்த இடைவெளி மிகக் குறுகியது, துடைக்கும் அசிட்டோனும் வேகமாகக் கரைக்கும். உங்களுக்கு நேர்ந்த தொல்லையில் பாதி அதுதான்.

காயும்போது பெயிண்ட் சுருங்கிப் பள்ளம் குழிந்து தெரிந்தால், மறுநாள் இன்னொரு மெல்லிய பூச்சு. ஒரே தடவையில் தடிமனாக ஊற்றினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே கிடக்கும். வெந்நீர் படுமுன் ஒரு வாரம் விடுங்கள்.

தலைக்கு அடியில் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அது தயாரிப்புக் காலம்: ஹெச்-3 என்றால் 1962இன் மூன்றாம் காலாண்டு. அதில் பெயிண்ட் ஏற்ற வேண்டாம்; பின்னாளில் விற்றால், வாங்குபவர் முதலில் அதைத்தான் சந்தேகத்தோடு பார்ப்பார்.