1940களின் சேலம் நகர வாழ்க்கையை அறியப் பழைய பத்திரிகைகள் உதவுமா?

நிச்சயமாக உதவும். ஆனால் தலையங்கத்தை விட்டுவிட்டு விளம்பரப் பக்கத்தில் தொடங்குங்கள். எந்தப் படம் வந்தது, எந்தத் தைலம் விற்றது, எதற்கு மக்கள் ஏங்கினார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் இதழ்கள் மெலிந்ததைக் கையால் தொட்டே உணரலாம்.

சேலத்துக்கு அது கொந்தளிப்பான காலம். ராஜாஜி அரசு 1937 அக்டோபரில் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது இந்த மாவட்டத்தில்தான். 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறிய மாநாடும் இங்கேதான் நடந்தது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்றும் அதைப் படிக்கும்போது மனம் கனத்துவிடுகிறது.

இவற்றை ஒரே இதழை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. 1941இல் தொடங்கிய ‘கல்கி’யையும், 1942இல் அண்ணா தொடங்கிய ‘திராவிட நாடு’ இதழையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒருவர் பெரிதாக எழுதியதை மற்றவர் எப்படிக் கடந்துபோகிறார் என்று கவனியுங்கள். அந்த இடைவெளிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

சினிமா இதழ்களை ஒதுக்கிவிடாதீர்கள். ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இருந்ததால், நடிகர்களும் வசனகர்த்தாக்களும் இந்த ஊரில் வந்து தங்கி வேலை செய்தார்கள். அந்தச் செய்திகளின் ஓரத்தில் ஊரும் தென்படும்.

சேலத்தின் குகை, அம்மாப்பேட்டைப் பகுதித் தறிக்காரர்களின் அன்றாடத்தை மட்டும், சென்னையில் அச்சான வார இதழ்களில் பொறுமையாகத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நூல் தட்டுப்பாடு பற்றிய சிறு செய்திகளில் தேடத் தொடங்குங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களைப் பார்க்கலாம்.